இருபது தெத்ரி

சுரங்க ரயிலின் நகரும் படிக்கட்டு
தரை தொடும் இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
அதற்குள் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தாள் சியாலா.
வேலை, முகங்களைப் பார்ப்பது.
வலப்பக்கம் நில்லுங்கள்.
படியில் உட்காராதீர்கள்.
ஏய் சிவப்புத் தொப்பி, குழந்தையைப் பிடி.
மைக்கில் அவ்வளவுதான் பேச்சு.
அவளை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை,
அதில் அவளுக்குப் புகாரும் இல்லை.
நாளொன்றுக்கு நாற்பதாயிரம் முகம்
மேலிருந்து இறங்கி வந்துகொண்டே இருந்தால்
ஒருத்திக்கு வேறென்ன வேண்டும்.

இப்போது ரயிலையே நிறுத்திவிட்டார்கள்.
எழுபது தாண்டியவர்கள் வாசல் தாண்டக் கூடாதென்று
போலீஸ் வண்டி தெருத்தெருவாய்ச் சொல்லிப் போகிறது.
மைக் பிடிக்கத் தெரியவில்லை அவனுக்கு,
கடைசி எழுத்தை விழுங்குகிறான்.

திபிலிசியின் வடகோடி, குல்தானி,
எட்டாவது மாடி.
மகள் இத்தாலியில், பாரி நகரத்தில்,
வேறொருத்தியின் தாய்க்கு நகம் வெட்டிவிடுகிறாள்,
மாதச் சம்பளத்துக்கு.
ஞாயிற்றுக்கிழமை பேசும்போது
குரலைத் தாழ்த்திக்கொள்வாள்:
கிழவி தூங்குகிறாள் அம்மா.
எந்தக் கிழவி என்று
ஒரு கணம் குழம்பிப்போகும் சியாலாவுக்கு.

மிச்சம் இருந்தவை சத்தங்கள்தான்.
ஃபிரிட்ஜ் உடம்பை ஒருமுறை உலுக்கிக்கொள்ளும்.
யாரோ குளித்த தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.
லிஃப்ட் மட்டும் மூச்சே விடவில்லை.
காசு போட்டால் நகரும் பழைய லிஃப்ட்,
உள்ளே ஒரு தகரப் பெட்டி,
ஒரு பயணத்துக்கு இருபது தெத்ரி.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ
உதட்டுச் சாயம் பூசி
அதன்மேல் முகக்கவசம் கட்டி
நாலு எட்டு நடந்து லிஃப்டுக்குள் போனாள்.
காசு போட்டாள், ஐந்தை அழுத்தினாள்,
கதவு மூடுமுன் வெளியே வந்துவிட்டாள்.
ஏன் ஐந்து?
ஐந்தில் ஒரு இருமல் உண்டு.
கீழே தபால் பெட்டியில்
ஷால்வா என்று பாதி உரிந்த பெயர்.

காலி லிஃப்ட் கனைத்துக்கொண்டே இறங்கிப் போனது.
நின்றது. திறந்தது. மூடியது.
மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள்
அவள் கதவைச் சாத்தித் தாழ் போடுமுன்
தானாக ஏறி வந்தது லிஃப்ட்.
எட்டில் நின்று வாய் திறந்தது.
ஆள் இல்லை.
சீட்டு இல்லை, தட்டில் மூடிவைத்த பண்டம் இல்லை.
புகையிலை வாசம் மட்டும்.
யாரோ உள்ளே வந்து நின்று
எட்டை அழுத்தியிருக்கிறார்கள்,
அதுவும் காசு போட்டு.

வலப்பக்கம் நில்லுங்கள், என்றாள் சியாலா
காலி லிஃப்டைப் பார்த்து.
முப்பத்தோரு வருடத்தில் முதன்முறையாக
மைக் இல்லாமல்.

பிறகு தினமும் நாலு மணிக்கு.
ஒருநாள் காய்ச்சலில் அயர்ந்துவிட்டாள்,
அன்று லிஃப்ட் மூன்று தடவை வந்து போனது.
மூன்றாவது தடவை
கதவு வெகுநேரம் மூடவில்லையோ என்று தோன்றியது,
காய்ச்சலாகவும் இருக்கலாம்.

மே மாதம் காசு எடுக்கிறவன் வந்தான்.
பையன்தான், பெயர் பாட்ரி, கையுறை பெரிய அளவு.
பக்கத்துக் கட்டடங்களில் பெட்டியைக் குலுக்கினால்
ஒன்றிரண்டு கிலுங்கின.
இங்கே பூட்டைத் திறந்ததும் காலடியில் கொட்டியது.
குனிந்து பொறுக்கினான், எண்ணினான், மறுபடி எண்ணினான்.
யாருமே வெளியே போகாத வீட்டில்
எங்கேதான் போய் வருகிறீர்கள், என்று
படிக்கட்டு இருட்டிடம் கேட்டான்.

ஐந்தில் ஒரு இருமல்,
சிரிப்பை மென்றது போல.
எட்டில் ஒரு கதவு
சங்கிலி விடும் அளவுக்குத் திறந்திருந்தது.

அன்று மாலை சியாலாவின் கவலையெல்லாம் சில்லறை.
பீங்கான் கிண்ணத்தில் ஏழு காசு பாக்கி.
பால்கனியிலிருந்து ரொட்டிக்காரிக்குக்
கயிற்றில் கூடையை இறக்கும்போது
நோட்டோடு ஒரு சீட்டும் வைத்தாள்:
ரொட்டி ஒன்று.
மீதி முழுவதும் இருபது இருபதாக.